போனை அணைக்காத ஊர்

அளக்கப் போகிற இடத்தில் நான் முதலில் சொல்வது, "எல்லாரும் போனை அணைச்சிடுங்க" என்பதுதான். வணக்கம் சொல்வதெல்லாம் அப்புறம். என் போனை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கருவியையே வெளியே எடுப்பேன். வங்கி மேலாளர், பள்ளித் தலைமையாசிரியர், திருநள்ளாற்று விடுதி முதலாளி என்று யாருக்கும் இதில் நான் விட்டுக்கொடுத்தது கிடையாது. அணைத்த திரையை என்னிடம் காட்டச் சொல்வேன். "என்னம்மா, பரீட்சை ஹால் மாதிரி பண்றீங்க" என்று சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

ஒரே ஓர் இடத்தில்தான் திரையைக் காட்டச் சொல்லவில்லை. அது நான் பிறந்த ஊர், கிளிஞ்சல்மேடு. அங்கே அளந்தது அரை நாள்தான்; அதன் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

என் வேலை செல்போன் டவர்களிலிருந்து வரும் அலை, மனிதர்கள் நிற்கிற, படுக்கிற, சமைக்கிற இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. காரைக்காலில் வாடகை அறை, ஒரு ஸ்கூட்டர், ஒரு கருவி. முக்காலியின் மேல் ஒரு கம்பு, கம்பின் நுனியில் வெள்ளையாக ஓர் உருண்டை. எல்லா ஊரிலும் அதற்கு 'பந்து' என்றுதான் பெயர். பந்தை மார்பு உயரத்தில் நிறுத்திவிட்டு ஆறு நிமிடம் நகராமல் நிற்க வேண்டும். ஆறு நிமிடமும் ஜனங்கள் பந்தைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். அதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. முடிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஒண்ணும் ஆகாதுல்ல?"

அதற்கு நான் ஒருபோதும் "ஆகாது" என்று சொன்னதில்லை. "வரம்புக்குள்ள இருக்கு" என்பேன். வரம்புக்கு எவ்வளவோ கீழே இருந்தாலும் அதே வாக்கியம்தான். நான் அளப்பது அலையை. ஒருவருக்கு நாளைக்கு என்ன ஆகும் என்பதை எந்தப் பந்தும் காட்டாது. நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பாதி பயம்தான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருக்கிறவர்களிடம் யாரும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் வந்து உட்காருவார்கள், டீ வைத்துக் கொடுப்பார்கள், அந்த வார்த்தையை மட்டும் வாயில் எடுக்க மாட்டார்கள். அது எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

அந்த வருடம் ஊர் டவரில் ஃபைவ் ஜி பெட்டிகளை மாட்டினார்கள். பழைய டவர்தான், யாரும் கண்டுகொண்டதில்லை. மேலே புதிதாக மூன்று வெள்ளைப் பெட்டிகள் ஏறியதும் ஊருக்குத் திடீரென்று தலைவலி வந்தது. ஒருத்தருக்குத் தூக்கம் போனது, ஒருத்தர் வீட்டுக் கோழி முட்டை இடவில்லை. பஞ்சாயத்தார் மனு கொடுத்தார்கள். மனு பல மேசைகளைத் தாண்டி, அளக்கச் சொல்லி எங்கள் நிறுவனத்துக்கு வந்து, கடைசியில் என் கையில் வந்து நின்றது. சொந்த ஊர், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரமே அண்ணி என்னிடம் கேட்டிருந்தார்.

அண்ணன் விசைப்படகில் போகிறவர். போனால் ஐந்தாறு நாள் கடலில்தான். அவர்கள் வீடு சுனாமி குடியிருப்பில் கடைசி வரிசை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் டவர்தான் தெரியும். அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையல். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போனது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஆட்டோவில் அழைத்து வந்தது நான்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது, "பாப்பா, உங்க அண்ணன் வந்தா நான் என்னான்னு சொல்றது?" என்றார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவரைவிட எனக்கு இரண்டு வயதுதான் குறைவு.

"எனக்கு அந்தப் பெட்டியப் பாத்தாலே திக்குனு இருக்கு. சமைக்கிறப்ப ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கிட்டே நிக்கிறேன். நீ வந்து அளந்து பாரேன். நீ சொன்னா நான் நம்புவேன்" என்றார் அண்ணி.

நீ சொன்னா நம்புவேன் என்று ஒருவர் சொன்ன பிறகு வேறு ஆளை எப்படி அனுப்பச் சொல்வது?

ஐப்பசி மாதம். அண்ணன் கடலுக்குப் போய் மூன்றாம் நாள். காலையிலேயே போய்விட்டேன். டவர் அடியில் அளந்தேன், கோயில் வாசலில் அளந்தேன், மாடிகளில் அளந்தேன். எங்கேயும் எண் தசமப் புள்ளிக்குப் பின்னாலேயே சுருண்டு கிடந்தது. பஞ்சாயத்துத் தலைவரை எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். எல்லா இடத்திலும் சொன்னது போலவே, "எல்லாரும் போனை அணைச்சிடுங்க" என்று சொன்னேன்.

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு" என்றார்கள். சித்தி, பெரியம்மா, கூடப் படித்தவள் என்று எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரிக்குத் தெரியாமல் போகலாம்; எனக்கு எப்படித் தெரியாமல் போனது? எங்கள் ஊரில் படகு கடலில் இருக்கும்போது வீட்டுப் போனை அணைக்க மாட்டார்கள். சார்ஜ் இறங்கவும் விடமாட்டார்கள். கரைக்குத் திரும்பும் படகு சிக்னல் எட்டும் தூரத்துக்குள் வந்ததும் ஆட்கள் முதலில் செய்வது வீட்டுக்குப் போன் போடுவதுதான். அந்தப் போன் வந்தால்தான் உலை வைப்பார்கள். அது எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பெண்கள் போனைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருப்பார்கள். பாத்திரம் தேய்க்கும்போதும் அங்கேதான், தூங்கும்போதும் அங்கேதான். சத்தம் கேட்காவிட்டாலும் அதிர்வது உடம்புக்குத் தெரிய வேண்டும். நான் அணைக்கச் சொன்னேன். அவர்கள் மரியாதைக்குச் சத்தத்தை மட்டும் அணைத்தார்கள். அவர்களுக்கு அது பொய்யே அல்ல. புருஷன் கடலில் இருக்கும்போது போனை அணை என்று ஒருத்தி கேட்பதுதான் அவர்களுக்கு அபத்தம்.

கடைசியாக அண்ணி வீட்டுச் சமையலறை. முக்காலியை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்தேன். புதிய ஆண்டெனாவை அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. பழையது தெருவிளக்கு மாதிரி, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி எரியும். புதியது யார் கேட்கிறார்களோ அவர்கள் பக்கம் திரும்பிக் கொடுக்கும். கேட்பதற்கு ஆளில்லாமல் அளந்தால் எண் குறைவாகவே வரும். அதனால் நிறுவனத்துப் போன் ஒன்றைத் தள்ளி வைத்து, அதில் பெரிய படம் ஒன்றை இறங்கவிட்டு, அலையை இந்தப் பக்கம் இழுத்துத்தான் அளப்போம். அப்படியே செய்தேன். முதல் இரண்டு நிமிடம் எண் சாதுவாக இருந்தது. அண்ணி என் பக்கத்தில், பந்துக்கு ஒரு சாண் தள்ளி, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிறு பந்தின் உயரத்துக்கே இருந்தது.

மூன்றாவது நிமிடம் எண் குதித்தது. புள்ளிக்குப் பின்னால் கிடந்தது முன்னால் வந்தது. இறங்கியது. மறுபடி குதித்தது. ஆண்டெனாதான் திரும்பிப் பார்க்கிறது என்று நினைத்தேன். இவ்வளவா என்று குனிந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் அது வரம்புக்குள்தான். ஆனால் எண்ணைப் பார்த்த என் முகத்தைப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா பாப்பா?" என்றார் அண்ணி.

"இங்க கொஞ்சம் கூட வருது அண்ணி."

அவ்வளவுதான் சொன்னேன். வரம்புக்குள்தான் என்று சேர்த்துச் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். அதை யார் கேட்டார்கள்? 'கூட' என்ற சொல் நான் முக்காலியை மடிப்பதற்குள் முதல் வரிசை வீடு வரை போய்விட்டது. அண்ணி மெல்லத் தரையில் உட்கார்ந்து வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "அப்ப அந்த ரெண்டும்..." என்றார். அந்த இரண்டின்போதும் பெட்டிகளே மாட்டவில்லை அண்ணி என்றேன். அதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மறுபடி ஒரு முறை அளந்திருக்க வேண்டும். அழுகிற அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு ஆறு நிமிடம் நிற்க என்னால் முடியவில்லை. வேலை தெரிந்தவள் செய்யக்கூடாத காரியம்.

அன்று மாலையே ஊர் மைக்கில் அறிவித்தார்கள்: அதிகாரிகள் வந்து பதில் சொல்லும் வரை டவர் ஓடாது. மெயினை அணைத்து அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பஞ்சாயத்தார் வைத்துக்கொண்டார்கள். பழைய ஆண்டெனா, புதிய ஆண்டெனா எல்லாம் சேர்ந்தே அணைந்தன. சிக்னல் போய்விடுமே என்று யாரோ கேட்டதற்கு, பக்கத்து ஊர் டவரிலிருந்து ஒரு கோடாவது வரும், போதும் என்றார்களாம். அண்ணி மறுநாள் அந்த ஒரு கோட்டில் என்னைக் கூப்பிட்டு, "ராத்திரி நல்லாத் தூங்குனேன்" என்றார். குரல் தெளிந்திருந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்தக் குதிப்பு என்னை விடவில்லை. கருவி நொடிக்கு நொடி பதிந்து வைத்ததைக் கணினியில் வரைபடமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊர் முழுவதும் சமவெளி. அந்தச் சமையலறையில் மட்டும், மூன்றாவது நிமிடம், ஒரு நிமிடத்துக்கு மேல் குன்றுகள். பிறகு மறுபடி சமவெளி. ஆண்டெனா திரும்பிப் பார்த்திருந்தால் என் போனில் படம் இறங்கிய ஆறு நிமிடமும் பார்த்திருக்க வேண்டுமே. சோற்றைப் பிசைந்துகொண்டே அதையே யோசித்தேன்.

டவரை அணைத்த மூன்றாம் நாள் காலை, பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அண்ணி அனுப்பிய வீடியோ கண்ணில் பட்டது. அளந்த அன்றே பார்த்திருந்தேன். நான் கோயில் வாசலில் பந்தோடு விறைப்பாக நிற்கிறேன். கீழே, "உங்க அண்ணனுக்கும் அனுப்பியிருக்கேன், சிக்னல் வந்ததும் பாப்பாங்க" என்று எழுதியிருந்தார். அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது அதன் அடியில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். கணினியில் குன்று இருந்த நேரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிமிடம்.

கோயில் வாசலில் எனக்குத் தெரியாமல் எடுத்த வீடியோ, அண்ணி அனுப்பிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகு, அங்கிருந்து மெல்லப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பந்துக்கு ஒரு சாண் தள்ளி, சேலைக்குள், அந்தச் சுருக்குப் பைக்குள்ளிருந்து. நான் அளந்தது டவரை அல்ல, என் அண்ணி வயிற்றோடு கட்டி வைத்திருந்த போனை.

அடுத்து வந்த நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. டவர் தூரத்தில் இருந்தால் போன் கத்திப் பேச வேண்டும். பக்கத்தில் இருந்தால் முணுமுணுத்தால் போதும். இது எங்கள் வேலையில் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுப்பது. பக்கத்து டவரை அணைக்க வைத்துவிட்டேன். மூன்று நாளாக அந்தப் போன், அண்ணியின் வயிற்றை ஒட்டிக்கொண்டு, எங்கோ இருக்கும் டவரைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கிறது.

அவசரமாகக் கூப்பிட்டேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. மறுபடி, மறுபடி, அதே குரல். ஸ்கூட்டரை எடுத்தேன். அன்றைக்கு வானமும் சரியில்லை. தாழ்வு மண்டலம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகளைத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். வழியெல்லாம் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது.

அண்ணி மாடியில் இருந்தார். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு மூலையில்தான் சிக்னல் ஒரு கோடு வருகிறதாம். தூறலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"உங்க அண்ணன் படகு இன்னும் வரல பாப்பா. மத்த படகெல்லாம் நேத்தே கரை அணஞ்சிடுச்சு. வயர்லெஸ்ல நேத்து சாயங்காலம் பேசுனதோட சரின்னு ஓனர் சொல்றாங்க."

ஒரு பயத்தோடு வந்தேன். இங்கே இன்னொன்று காத்திருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், தெரிந்த காரியத்தைச் செய்தேன். கருவியை எடுத்து அவர் இடுப்புப் பக்கம் நீட்டினேன். எண் அன்றைக்குச் சமையலறையில் வந்ததைவிட மேலே போனது.

"டவரு ஓடலையே! பின்ன எங்கேருந்து வருது?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். சுருக்குப் பையை உருவி, தேளைப் பிடித்த மாதிரி கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார். அடுத்த நொடி பதறிப்போய் மார்போடு அணைத்துக்கொண்டார். நனைந்துவிடுமாம். மறுபடி நீட்டினார்.

"நான் என்னதான் பண்றது? வச்சுக்கிட்டா புள்ளைக்கு ஆகாதுங்குற. கீழ வச்சா அவங்க கூப்புடுறது தெரியாதே!" என்று கத்தினார். என் மேல் அவர் குரல் உயர்ந்தது அன்று ஒரு நாள்தான். "நீதானே பாப்பா கூட வருதுன்னு சொன்ன? நீ சொன்னேன்னுதானே அணைச்சாங்க?"

ஆமாம். நான்தான்.

அண்ணியைக் கீழே அழைத்து வந்து ஜன்னல் திட்டில் போனை வைக்கச் சொல்லி, எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டுச் சித்தியைத் துணைக்கு விட்டுவிட்டு, மாமாவைத் தேடிப் போனேன். பஞ்சாயத்தார் நாலைந்து பேர் கோயில் மண்டபத்தில் கடலைப் பார்த்து நின்றிருந்தார்கள்.

"மாமா, நான் அளந்தது தப்பு. டவர்ல ஒண்ணும் கூட இல்ல. போன்லேருந்து வந்ததத்தான் நான் டவர்னு சொல்லிட்டேன். தயவுசெஞ்சு டவரப் போடுங்க."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு அப்புடிச் சொன்ன, இன்னைக்கு இப்புடிச் சொல்ற. டவர்க்காரன் ஏதும் பேசுனானா?"

அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை, அவமானத்தில் வந்த அழுகை, எல்லாம் ஒன்றாக. "எங்க அண்ணன் கடல்ல இருக்காங்க மாமா" என்றேன்.

"ஊரு கூடி எடுத்த முடிவும்மா. ஊரு கூடித்தான் மாத்தணும்" என்றார் இன்னொருவர். அவர்கள் வழக்கம் அது. ஒருத்தர் வாய்ச்சொல்லுக்கு ஊர் முடிவை மாற்றிவிட முடியாது. சாயங்காலம் கூட்டலாம் என்றார்கள்.

அதற்குள் என் பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். அண்ணன் படகில் போனவர்கள் மொத்தம் எட்டுப் பேர். வந்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். எல்லோர் இடுப்பிலும் சுருக்குப் பை. அவர்களில் மூத்தவர், அன்றைக்கு என் முன்னால் நின்று "அணைச்சாச்சு" என்று சொன்ன அதே பெரியம்மா, மாமாவுக்கு நேரே கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க. தப்புன்னா அபராதத்த என் தலையில போடுங்க. அவங்க கரைக்கு வந்த பொறவு கூட்டத்தக் கூட்டுங்க, நாங்க வந்து நிக்கிறோம்."

மாமா மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

டவரைப் பராமரிக்கும் பாய் காரைக்காலிலிருந்து மழையில் பைக்கில் வந்து சேர்ந்தார். பூட்டைத் திறந்து மெயினைப் போட்டும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாள் பேட்டரி இறங்கிக் கிடந்திருக்கிறது. "ஒவ்வொண்ணா எழுந்திரிக்கணும்மா. இன்ஷா அல்லாஹ், அரை மணிக்குள்ள வந்துடும்" என்றார். அரை மணி. மண்டபத்தில் நின்ற பெண்கள் அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள்.

நான் அண்ணியிடம் போனேன். போன் ஜன்னல் திட்டில் இருந்தது. அண்ணி நாற்காலியில் இருந்தாலும் உடம்பு முழுவதும் அதன் பக்கமே சாய்ந்திருந்தது. கருவியைப் போன் பக்கத்தில் வைத்து, எண் அவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. போன் இப்போது தள்ளி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று காட்டத்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

டவர் எழுந்தது. கோடுகள் ஒன்று, இரண்டு, நான்கு என்று ஏறின. மூன்று நாள் தேங்கிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் துள்ளியது. அண்ணியும் துள்ளி எழுந்தார். மளிகைக் கடை விளம்பரம். தங்கச்சி அனுப்பிய படம். மகளிர் குழு. ஒவ்வொரு முறையும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அப்புறம் அதுவும் ஓய்ந்தது. எண் தரையோடு தரையாகக் கிடந்தது. மழை பலத்தது. சித்தி டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, அது ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஏறியது. போனில் சத்தமில்லை, வெளிச்சமில்லை, எண் மட்டும் சட்டென்று ஏறியது. போன் மணி அடிப்பதற்கு ஒரு மூச்சு முன்பே டவரோடு பேசிவிடும்; அது எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியாது. ஆனால் எனக்கு முன் எழுந்தது அண்ணிதான். "அவங்கதான்" என்றார். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

"கரை தெரியுது" என்றது ஸ்பீக்கரில் அண்ணன் குரல். காற்றில் பாதி சொல் பறந்தது. "எல்லாரும் நல்லா இருக்கோம். மெசின் நின்னுடுச்சு, சரிபண்ணி வர நேரமாயிடுச்சு. விடியக்காலைலேருந்து கூப்புடுறேன், சிக்னலே இல்ல. ஜிபிஎஸ்ஸையே நம்பாம போயிட்டோம். கரைக்குத்தான் வர்றமா, வேற எங்கயாச்சும் போறமான்னு... நீ எப்புடி இருக்க? புள்ள எப்புடி இருக்கு?"

அண்ணி அழ ஆரம்பித்தார். போனைக் கொண்டுபோய் நேரே வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். "நீங்களே கேளுங்க" என்றார்.

அண்ணன் கேட்டார். கடலிலிருந்து, கரகரத்த குரலில், ஏதேதோ கேட்டார். எண் மேலே போய்க்கொண்டிருந்தது. அண்ணி வயிற்றிலிருந்து போனை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எண்ணைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

கருவியை அணைத்தேன். "ஒண்ணும் ஆகாது அண்ணி" என்றேன்.

நிறுவனத்துக்கு என் தவற்றை எழுதிக் கொடுத்தேன். வேறு ஒருவர் வந்து திரும்ப அளந்தார். சமையலறையிலும் சமவெளிதான். ஊர்க் கூட்டத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அபராதம் போடவில்லை, திட்டினார்கள். பெண்கள் இப்போது போனை ஜன்னல் திட்டில் வைக்கிறார்கள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. சிலர் வைக்கிறார்கள். படகு வரத் தாமதமானால் எல்லாம் இடுப்புக்கே திரும்பிவிடுகிறது.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, ஊரைக் கூட்டுகிற தொண்டை. அண்ணிக்குப் பயமெல்லாம் போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை. அவள் ஒரு முறை தும்மினால் நான் இரண்டு நாள் தூங்குவதில்லை. போன வாரம் லேசாகக் காய்ச்சல் என்று அண்ணி பேச்சுவாக்கில் போனில் சொன்னார். எத்தனை டிகிரி, எப்போதிருந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

"அட, நீதான் அன்னைக்கே ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டியே பாப்பா" என்று சிரித்தார் அண்ணி.

நான் அதற்குள் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தேன்.